பழைய கார் வாங்கப் போறீங்களா? ஆர்.சி. புக்கில் தெரியாத ‘ரீகால்’ பாக்கி... சேசிஸ் நம்பரை கொடுத்தால் தெரிஞ்சிடும்!

சேலம்:

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கலர் தோரணம் கட்டிய ஆட்டோ கன்சல்டிங் இல்லாத ஊரே கிடையாது. சேலம் பைபாஸ் ஓரத்தில் ஆரம்பித்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, ஆத்தூர் வரை எங்கு போனாலும் துடைத்து பாலிஷ் போட்ட பழைய கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. லாரி, ரிக், கோழிப்பண்ணை, தறி என்று ஓடுகிற ஜனங்களுக்கு குடும்பத்தோடு கோவில், கல்யாணம், ஆஸ்பத்திரி போக ஒரு கார் வேண்டும். புதுசு வாங்க கட்டுப்படியாகாதவர்கள் 3 லட்சம், 4 லட்சத்தில் முடிந்தால் போதும் என்று இங்கே தான் வருகிறார்கள்.

வாங்க வருகிறவர்கள் ஒன்றும் ஏமாளிகள் அல்ல. கூடவே தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வருகிறார்கள். அவர் பானட்டை தூக்கி இன்ஜின் சத்தம் கேட்கிறார். டிங்கரிங் அடித்த வண்டியா என்று கதவு ஓரத்தை தட்டிப் பார்க்கிறார். கிலோ மீட்டரை திருப்பி வைத்திருக்கிறார்களா, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் ஓடுகிறதா, போலீஸ் கேஸ் உண்டா என்று எல்லாம் கேட்டு முடிக்கிறார்கள். கடைக்காரரும், ‘ஒரே ஓனர் வண்டி சார், டாக்டர் ஓட்டுனது’ என்று சொல்லி விடுவார். (நம்மூரில் விற்பனைக்கு வரும் பாதி கார்களை டாக்டர்கள் தான் ஓட்டியிருப்பார்கள் போல!)

ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ‘இந்த வண்டியை கம்பெனி திரும்பக் கூப்பிட்டதா? கூப்பிட்டிருந்தால் கொண்டு போய் சரி செய்தாங்களா?’ என்பது தான் அது.

ரீகால் என்றால் என்ன?

கார் விற்பனையான பிறகு, அதில் போட்ட ஏதோ ஒரு பாகத்தில் தயாரிப்பிலேயே கோளாறு இருப்பது கம்பெனிக்கு தெரிய வரும். உடனே, ‘இந்த மாதத்தில் இருந்து இந்த மாதம் வரை தயாரான வண்டிகளை சர்வீஸ் சென்டருக்கு கொண்டு வாங்க, இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்று அறிவிப்பார்கள். இதற்குப் பெயர் தான் ரீகால். பாகத்துக்கும் காசு கிடையாது, கூலியும் கிடையாது.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கலர் கார் இரண்டு பக்கத்து பக்கத்தில் நிற்கும். ஒன்று ரீகால் பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. கோளாறான பாகம் எந்தெந்த வண்டியில் போனது என்பதை கம்பெனி சேசிஸ் நம்பரை வைத்துத் தான் கணக்கு வைத்திருக்கிறது. எனவே வெளியில் இருந்து பார்த்து எந்த மெக்கானிக்காலும் இதை சொல்ல முடியாது. எஃப்.சி. காட்டும்போதும் பிரேக், லைட், புகை என்று தான் பார்ப்பார்களே தவிர, ஸ்டியரிங்கை பிரித்து ஏர்பேக் எந்த பேட்ச் என்று பார்க்க மாட்டார்கள்.

லெட்டர் போவது யாருக்கு?

கம்பெனி ரீகால் அறிவித்ததும் தன் கணக்கில் உள்ள வாடிக்கையாளருக்கு லெட்டர் போடும், போன் செய்யும், எஸ்.எம்.எஸ். அனுப்பும். அந்தக் கணக்கில் இருப்பது யார்? பெரும்பாலும் ஷோரூமில் முதலில் வாங்கியவர். அவர் 5 வருஷம் முன்பே வண்டியை விற்றிருப்பார். ‘அது தான் வித்தாச்சே’ என்று மெசேஜை அழித்து விட்டு போய்க்கொண்டே இருப்பார்.

இப்போது வண்டி வைத்திருப்பவர் இரண்டாவதோ, மூன்றாவதோ ஆள். பெங்களூரு, கேரளா, டெல்லி நம்பர் வண்டிகள் என்.ஓ.சி. வாங்கி இங்கே வருவதும் உண்டு. அந்த லெட்டர் டெல்லியில் ஏதோ ஒரு வீட்டுக் கதவிடுக்கில் கிடக்கும்.

இதோடு நம்மூர் பழக்கம் ஒன்றும் சேர்ந்து கொள்கிறது. விற்றவர் 29-ம் நம்பர், 30-ம் நம்பர் படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுத்து விடுவார். வாங்கியவர் அதை டாஷ்போர்டில் மடித்து வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமலேயே ஓட்டுவார். ‘எப்படியும் ரெண்டு வருஷத்துல வித்துடப் போறோம்’ என்பது அவர் கணக்கு. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதை செய்யாத வண்டிக்கு, ஆர்.சி. விலாசத்தைப் பார்த்து லெட்டர் போட்டாலும் உரிய ஆளுக்கு போய்ச் சேராது.

ஸ்டியரிங்குக்குள் வெடிமருந்து

‘சின்ன கோளாறா இருக்கும், பார்த்துக்கலாம்’ என்று நினைப்பவர்கள் ‘டகாட்டா’ கதையை தெரிந்து கொள்ள வேண்டும். டகாட்டா என்பது ஜப்பான் நாட்டு ஏர்பேக் கம்பெனி. உலகம் முழுக்க பல கார் கம்பெனிகள் இதன் ஏர்பேக்கை வாங்கி மாட்டின. விபத்து நடந்தால் கண் இமைக்கும் நேரத்தில் பை உப்ப வேண்டும். அதற்கு உள்ளே சின்ன உலோக டப்பாவில் ஒரு மருந்து வைத்திருப்பார்கள். டகாட்டா அதற்கு பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். பாறை தகர்க்கிற வெடியில் சேர்க்கிற அதே சரக்கு தான்.

வருஷக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் மாறி மாறி பட்டால் இந்த மருந்து கெட்டுப் போகிறது. பிறகு விபத்து நடக்கும்போது அளவுக்கு மீறி வேகமாக எரிந்து உலோக டப்பாவையே சிதறடித்து விடுகிறது. காப்பாற்ற வேண்டிய ஏர்பேக்கில் இருந்து இரும்புத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்கா, மலேசியா உள்பட பல நாடுகளில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. சின்ன மோதலில் கூட இப்படி நடந்திருக்கிறது என்பது தான் கொடுமை. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி ஏர்பேக்குகளை மாற்ற வேண்டி வந்தது. 2017 ஜூனில் டகாட்டா திவால் ஆனது.

இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் இந்த ஏர்பேக்குக்காக பல முறை கார்களை திரும்ப அழைத்தது. 2016 ஜூலையில் 1 லட்சத்து 90 ஆயிரத்து 578 கார்கள், 2017 ஜனவரியில் 41 ஆயிரத்து 580 கார்கள், 2018 ஜனவரியில் 22 ஆயிரத்து 834 கார்கள். சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு எல்லாம் இந்தப் பட்டியல்களில் வந்தவை. பழைய சிட்டிக்கு நம்மூர் மார்க்கெட்டில் இன்றைக்கும் மவுசு உண்டு. ‘ஏர்பேக் இருக்குதுங்க’ என்று சொல்லித் தான் விற்கிறார்கள். அந்த ஏர்பேக் மாற்றியதா, மாற்றாததா என்று கேட்பது வாங்குகிறவர் பொறுப்பு.

ரோட்டில் அணைந்து போகும் இன்ஜின்

அடுத்தது ஃப்யூயல் பம்ப். டேங்கில் இருந்து பெட்ரோலை இன்ஜினுக்கு தள்ளுகிற பம்ப் இது. 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் வேகன்ஆர், பலேனோ கார்கள் 1 லட்சத்து 34 ஆயிரத்து 885-ஐ இந்த பம்புக்காக திரும்ப அழைத்தது. 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரான 1 லிட்டர் இன்ஜின் வேகன்ஆர், 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரான பெட்ரோல் பலேனோ ஆகியவை அதில் வரும். 2024-ல் ஹோண்டாவும் இதே பம்ப் பிரச்சினைக்காக 92 ஆயிரத்து 672 கார்களை அழைத்தது.

பம்ப் நின்றால் இன்ஜின் அணையும். இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லு மாதிரி இறுகும். டவுனுக்குள் என்றால் ஓரம் கட்டி விடலாம். சேலம் - நாமக்கல் நான்கு வழிச்சாலையில் முன்னால் ஒரு முட்டை வண்டி, பின்னால் ஒரு டிரெய்லர் வரும்போது நடுவில் அணைந்தால் என்ன ஆகும் என்று அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு சொல்லத் தேவையில்லை.

அக்காள், தங்கையை பலி வாங்கிய கார்

2013-ல் ஃபோர்டு நிறுவனம் சென்னை அருகே மறைமலை நகர் தொழிற்சாலையில் தயாரான ஃபிகோ, கிளாசிக் கார்கள் 1 லட்சத்து 66 ஆயிரத்து 21-ஐ திரும்ப அழைத்தது. பின்பக்க அச்சு பகுதியிலும், பவர் ஸ்டியரிங் ஆயில் போகிற ஹோசிலும் கோளாறு இருக்கலாம் என்பது காரணம். ‘ஹோஸ் தானே, கசிஞ்சா ஆயில் ஊத்திக்கலாம்’ என்று பட்டறையில் சொல்லக்கூடும். அந்த ஆயில் சூடான இன்ஜின் பாகத்தில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக்கூடாது.

இதே மாதிரி பவர் ஸ்டியரிங் ஹோஸ் கோளாறு அமெரிக்காவில் 2004-ல் இரண்டு உயிர்களை பறித்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ரேச்சல் ஹவுக் (வயது 24), அவரது தங்கை ஜாக்குலின் (20) ஆகியோர் பெற்றோரை பார்த்து விட்டு வாடகை காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மாடலை கம்பெனி சுமார் ஒரு மாதம் முன்பே திரும்ப அழைத்திருந்தது. வாடகை நிறுவனம் சரி செய்யாமலேயே வண்டியை கொடுத்து விட்டது. வழியில் ஆயில் கசிந்து தீப்பிடித்து, கார் கட்டுப்பாடு இழந்து எதிரே வந்த லாரியில் மோதியது. இருவரும் இறந்தார்கள்.

அந்தப் பெண்களின் தாயார் விடாமல் போராடினார். அதன் பலனாக, ரீகால் பாக்கி உள்ள காரை வாடகைக்கு விடக்கூடாது என்று அங்கே சட்டமே வந்தது. 2016-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்துக்கு சகோதரிகள் இருவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2014 முதல் ஒரே அரசு இணையதளத்தில் எந்தக் கம்பெனி காரின் சேசிஸ் நம்பரை தட்டினாலும் பாக்கி உள்ள ரீகாலை பார்க்கலாம். இங்கே கம்பெனிக்கு கம்பெனி தனித்தனியாகத் தான் தேட வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் நாம் இன்னும் பின்னால் தான் நிற்கிறோம்.

தண்ணியில் ஓட்டாதீங்க!

2021 செப்டம்பரில் மாருதி அழைத்த 1 லட்சத்து 81 ஆயிரத்து 754 கார்கள் விவகாரம் இன்னும் வேடிக்கை. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 ஆகிய பெட்ரோல் கார்களில், 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை இவை. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்கிற மின் பாகத்தை பரிசோதிக்க அழைத்தார்கள். அது வரைக்கும் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின் பாகங்கள் மீது நேராக தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

நம்மூரில் எர்டிகா என்றாலே பாதி டாக்சி. மழை பெய்தால் சேலத்தில் தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் பானட்டை திறந்து வைத்து பைப்பால் அடிப்பதும் வழக்கம். ரீகால் லெட்டர் கிடைக்காத இரண்டாவது ஓனருக்கு இந்த எச்சரிக்கை எப்படி தெரியும்?

2023 ஜனவரியில் 17 ஆயிரத்து 362 கார்களை ஏர்பேக் கன்ட்ரோலர் கோளாறுக்காக அழைத்தபோது, மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றும் மாருதி சொன்னது. ஆக, எல்லா ரீகாலும் ஒரே மாதிரி இல்லை. 2020 நவம்பரில் ஈகோ கார்கள் 40 ஆயிரத்து 453-ஐ அழைத்தார்கள். ஹெட்லைட்டில் ஒரு குறியீடு விட்டுப் போயிருக்கலாம் என்பது தான் விஷயம். அதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம்.

எப்படி பார்ப்பது?

முதல் வேலை, சேசிஸ் நம்பரை முழுசாக எடுப்பது. மொத்தம் 17 எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். மொபைல் ஆப்பில் வண்டி நம்பரை போட்டு தேடினால் அடுத்தவர் வண்டியின் முழு சேசிஸ் நம்பர் வராது, மறைத்துத் தான் காட்டும். எனவே ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் வண்டியில் அடித்திருக்கும் நம்பரையும் ஒப்பிடுங்கள். இன்ஜின் பின்பக்க தகடு, முன் சீட்டுக்கு அடியில், கதவு தூண் ஸ்டிக்கர், முன் கண்ணாடியின் கீழ் ஓரம் என்று மாடலுக்கு தகுந்த மாதிரி இடம் மாறும். பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்தால் தெளிவாக வந்து விடும். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றிருந்தால் ரீகாலை விடுங்கள், அந்த வண்டியையே விட்டு விடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். சேசிஸ் நம்பரில் ஆங்கில எழுத்து ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் உலகம் முழுக்க விட்டு விட்டார்கள். பூஜ்யத்துக்கு பதில் ‘ஓ’ என்று தட்டி விட்டு, பட்டியலில் வண்டி இல்லை என்று சந்தோஷப்படக் கூடாது.

நம்பர் கையில் வந்ததும், அந்த கார் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் அல்லது வாடிக்கையாளர் தகவல் பகுதிக்கு போய் தட்ட வேண்டியது தான். மாருதியில் பல கார்களின் நம்பர் ‘எம்ஏ3’ என்று ஆரம்பிக்கும், அதற்கு பின்னால் எழுத்தும் எண்ணுமாக 14 வரும். மொத்தப் பட்டியல் வேண்டுபவர்களுக்கு ‘சியாம்’ என்கிற இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கத்தின் இணையதளம் இருக்கிறது. 2012 முதல் கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்யும் ரீகால் விவரங்களை எந்த மாடல், எத்தனை வண்டி என்று அதில் பார்க்கலாம். அது மாடல் விவரம் மட்டும் தான். உங்கள் வண்டி அதில் உண்டா என்பதை கம்பெனி தான் சொல்லும்.

இணையதளம் எல்லாம் பழக்கமில்லை என்பவர்களுக்கு இதை விட சுலபமான வழி, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போவது. சேலத்தில் பெரும்பாலான கம்பெனிகளுக்கு சென்டர் உண்டு. ஆர்.சி. நகலோடு விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கம்ப்யூட்டரில் சேசிஸ் நம்பரை போட்டதும் பாக்கி ரீகால் வந்து நிற்கும். பழைய சர்வீஸ் கணக்கும் அதிலேயே இருக்கும். 2019-ல் 90 ஆயிரம் கிலோ மீட்டர் என்று சர்வீஸ் ஆன வண்டி இன்றைக்கு மீட்டரில் 60 ஆயிரம் காட்டினால் குட்டு அங்கேயே உடைந்து விடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். கூட வர மாட்டேன் என்று விற்பவர் இழுத்தால் ஏன் என்று யோசிக்க வேண்டியது தான்.

ரீகால் ஏற்கனவே முடிந்து விட்டது என்று சொன்னால் அந்த ஜாப் கார்டின் நகலை கேட்டு வாங்குங்கள். பாக்கி என்று தெரிந்தால் வண்டியே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. மற்றபடி வண்டி நன்றாக இருந்தால், ‘அதை முடிச்சுக் குடுத்துட்டு மீதி பணத்தை வாங்கிக்கங்க’ என்று சொல்லலாம். விற்பவருக்கு பைசா செலவு இல்லை. பாகம் ஸ்டாக் இல்லாமல் சில நாள் ஆகலாம், அவ்வளவு தான். ஏர்பேக் விவகாரம் என்றால் மட்டும் வேலை முடியும் வரை வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. வெளி பட்டறையில் ஏர்பேக்கை கழற்றச் சொல்லும் விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, கோளாறான வண்டிகளை திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. உத்தரவை மதிக்காத கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டி வைத்திருப்பவர்கள் புகார் கொடுக்க பரிவாகன் இணையதளத்தில் தனி பக்கமும் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் 7 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இந்த விதி பொருந்தாது. கன்சல்டிங்கில் நிற்கும் வண்டிகளில் எத்தனை 7 வருஷத்துக்கு உள்ளே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

கம்பெனி தானாக அழைத்தால் இந்த வயது கணக்கு தடையில்லை. 2014-ல் டொயோட்டா 44 ஆயிரத்து 989 இன்னோவா கார்களை ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஸ்டியரிங் கேபிளுக்காக அழைத்தபோது, அவை 2005 முதல் 2008 வரை தயாரான பழைய வண்டிகள். எனவே ‘இது பழசு, இதுக்கெல்லாம் வராது’ என்று நாமே முடிவு கட்டாமல் கேட்டு விடுவது நல்லது. ரீகால் வேலைக்கு யாராவது பணம் கேட்டால் கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் நம்பருக்கு போன் செய்யலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

ஷோரூமில் மாட்டிய பாகம் மட்டும் அல்ல, பிறகு வாங்கி மாட்டியதும் ரீகாலில் வரலாம். 2024-ல் ஹோண்டா அழைத்தபோது, 2017 ஜூன் முதல் 2023 அக்டோபர் வரை டீலரிடம் கவுன்ட்டரில் தனியாக ஃப்யூயல் பம்ப் வாங்கியவர்களும் வந்து பரிசோதித்துக் கொள்ளுங்கள் என்று சொன்னது. அந்தப் பம்பை வாங்கி வந்து மாட்டியது நம்மூர் மெக்கானிக்காக இருக்கும். ஹோண்டா வாங்குகிறவர்கள் பழைய ஓனரிடம், ‘பம்ப் எப்பவாவது மாத்துனீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பழைய பைக் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக கிளாசிக், புல்லட், மீட்டியோர் வண்டிகள் 2 லட்சத்து 36 ஆயிரத்து 966-ஐ திரும்ப அழைத்தது. வண்டி ஓடும்போதே மிஸ் அடிக்கும், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட் ஆகக் கூட வாய்ப்பு உண்டு என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்த பைக்குகளும் இப்போது கைமாறி கன்சல்டிங் வாசலில் நிற்கின்றன. பைக் ஆர்.சி.யிலும் சேசிஸ் நம்பர் இருக்கிறது.